சிலைக்குக் கொடுத்த முகம்

தை பிறந்ததிலிருந்து காற்று நிற்கவில்லை. கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கணவாய்க்குள் நுழைந்து, பனைகளின் ஓலைகளை எல்லாம் ஒரே திசைக்குச் சீவிவிட்டபடி, பாலக்காட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. காதுக்குள் அந்த இரைச்சல் இல்லாமல் யாரும் பேசவோ தூங்கவோ முடியவில்லை.

குப்பண்ணன் தோட்டத்தில் சோளத்தட்டுப் போர் பாதியில் நின்றது. கீழே இருப்பவர் தட்டுக் கட்டுகளை வீச வேண்டும். மேலே இருப்பவர் பிடித்து அடுக்க வேண்டும். காற்று கட்டுகளைப் பிரித்துத் தோகைகளை வேலிவரை கொண்டுபோனது. மேலே நின்றவன் இளையமகன் அப்புசாமி. கீழே நின்று வீசியவள் மூத்த மருமகள் மருதாத்தாள். பங்களாதேஷ் சண்டையில் செத்துப்போன காளிச்சாமியின் மனைவி. அண்ணியை அந்தப் பக்கத்தில் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கை, சித்த நிறுத்துங்க. கையில நிக்கமாட்டீங்குது."

"நிறுத்துனா இன்னைக்கு முடியாது. நாளைக்குப் பொண்ணூட்டு ஒறம்பரை வருது. போரு அரைகொறையாக் கெடந்தா, பண்ணயம் பாக்கத் தெரியாதவிங்கன்னு சொல்லிப்போடுவாங்க."

"சொன்னாச் சொல்லட்டும்."

அப்புசாமி மேலுதட்டைத் தடவிக்கொண்டான். முந்தின நாள்தான் மீசையை எடுத்திருந்தான். மீசை இருந்த இடம் மட்டும் வெயில் படாத தோலாக வெளுத்துத் தெரிந்தது. சோளத்தூசி பட்டு அங்கே அரித்தது.

வரப்பில் குப்பண்ணன் வேகமாக வந்தார். தலைத்துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். போருக்குக் கீழே வந்து நின்று, மூச்சு வாங்கினார்.

"வேல கெட்டுது," என்றார்.

"என்னுங்க மாமா?"

"பொண்ணூட்டுக்காரங்க நாளைக்கு நேரா இங்க வரலியாமா. சுங்கத்துமேட்டுல எறங்கறாங்களாமா."

மருதாத்தாள் கையிலிருந்த கட்டைக் கீழே போட்டாள்.

"செலைக்கு மாலை போடோணுமாமா. நெகமத்துல இருந்தே மாலை கட்டி எடுத்துட்டு வாராங்களாமா. பட்டாளத்துல உசுரக் குடுத்த ஊடுங்கறதுனாலதான் பொண்ணுக் குடுக்கறதுக்கே ஒத்துக்கிட்டாங்களாமா. தரகுக்காரன் என்னமோ பெரிய சேதியாட்டச் சொல்றான்."

"நானும் வரோணுமுங்களா?" என்று மேலேயிருந்து அப்புசாமி கேட்டான்.

"மாப்பளை இல்லாமயா? உன்ற நங்கையையும் பாக்கோணுமாமா."

அப்புசாமி போரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அடுக்கின தட்டு அவனுக்கு அடியில் காற்றில் ஆடியது.

சுங்கத்துமேடு பழைய மைதானம். கொச்சி ராஜாவின் சீமையும் கோயம்புத்தூர் ஜில்லாவும் முட்டிக்கொண்ட இடத்தில், பாரவண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கிய காலத்தில் ஏற்பட்டது. சுங்கம் வாங்கிய கல்கட்டடம் இன்னும் இருக்கிறது; அதில் இப்போது உரம் அடுக்கியிருக்கிறார்கள். மாடுகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி இருக்கிறது. சுதந்திரத்துக்கு முந்தியும் பிந்தியும் எல்லாக் கட்சிக் கூட்டங்களும் அங்கேதான் நடந்தன. செவ்வாய்க்கிழமை சந்தை கூடும். அதன் நடுவில்தான் சிலையை வைத்தார்கள்.

சிலை வைக்கக் கமிட்டி போட்டபோது, முதலில் போட்டோ கேட்டார்கள். வீட்டில் போட்டோ இல்லை. காளிச்சாமி பட்டாள உடுப்பில் எடுத்துக்கொண்ட ஒரே படம் இருந்தது, அதை எரித்துவிட்டார்கள். சண்டையில் இறந்தவனின் உடம்பு ஊருக்கு வரவில்லை. உடம்பு இல்லாமல் காரியம் செய்ய வேண்டியிருந்தது. வைக்கோலில் ஆள் மாதிரி கட்டி, அவன் வேட்டியைச் சுற்றி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் போட்டோவை வைத்து, மயானத்துக்குக் கொண்டுபோய்த் தீ வைத்தார்கள். அந்தச் சமயத்தில் அது சரியான காரியமாகத்தான் எல்லோருக்கும் பட்டது.

கமிட்டி பட்டாளத்துக்கு எழுதிப் போட்டது. பதில் வருவதற்குள் திறப்புவிழா தேதி நெருங்கிவிட்டது. கோபுரத்துக்குச் சுதை வேலை செய்கிற ஒருவரைப் பிடித்திருந்தார்கள். அவர் அப்புசாமியைப் பார்த்தார். "அண்ணந்தம்பிதானுங்க, கொஞ்சம் சாடை இருக்காதா?" என்று கேட்டார். குப்பண்ணன் சரி என்றார். அப்புசாமி கல்கட்டடத்து வாசலில் போய் உட்கார்ந்தான். அவர் அதுவரை கருப்பராயனையும் கன்னிமாரையும் செய்தவர். அதனால் கண்ணும் மீசையும் சாமிக்கு வைக்கிற மாதிரி பெரிதாக அமைந்துவிட்டன. மற்றபடி மூக்கு, தாடைக்குழி, நெற்றி எல்லாம் அப்புசாமியினுடையவை. கொஞ்சம் சாடை என்பது போய் முழு முகமாகவே வந்துவிட்டது. சிமெண்ட் காய்ந்த பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பச்சைச் சாயம் அடித்து, தொப்பி வைத்து, மலையாளத்தில் பெயர் எழுதி, ஒரு மந்திரி வந்து திறந்தார்.

அதற்குப் பிறகு அப்புசாமி சந்தைக்குப் போனால் வண்டிக்காரர்கள், "செலை எறங்கி வந்துருச்சு" என்பார்கள். முதலில் அவனும் சிரித்தான். பெண் பார்க்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. முதலில் வந்தவர்கள் சிலையைப் பார்த்துவிட்டு, "உசுரோட இருக்கறவனுக்குக் கல்லு நட்டு மாலையும் போட்டிருக்கறீங்க. ஆயுசு எப்படி நிக்கும்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். இரண்டாவது வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரவும் இல்லை. வருஷாவருஷம் மார்கழியில் சிலைக்கு மாலை போடுகிற நாளில் அப்புசாமிக்குக் காய்ச்சல் வந்தது. போன மார்கழியில் சாப்பாடு இறங்கவில்லை. ஓரிடத்தில் உட்காராமல் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

பொழுது சாய்ந்ததும் குப்பண்ணனின் மனைவி கருப்பாத்தாள் அடுப்படியில், இடியாப்பம் மாதிரி பிழிகிற சந்தகைக்கு அரிசி ஆட்டிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகளுக்குத் தேங்காய்ப்பாலும் சந்தகையும் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. காற்று புகைக்கூண்டு வழியாக இறங்கிப் புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பியது.

"மீசைய எடுத்தது பத்தாது. துண்டுல உருமாலை கட்டிக்கட்டும். செலைக்குத் தொப்பி, இவனுக்கு உருமாலை. ஆரு கண்டுபுடிப்பா?" என்றார் குப்பண்ணன்.

"மீசையில்லாம இவன் தோலுரிச்ச பனங்கெழங்காட்ட இருக்கறான். இதுல உருமாலை வேற," என்றாள் கருப்பாத்தாள்.

"நீ பேசாமப் பொட்டாட்ட இரு. இதுவும் போச்சுன்னா அடுத்து ஒருத்தனும் இந்த ஊட்டுப்படி ஏறமாட்டான். ரெண்டு போயிருச்சு. மூணாவதும் போனா, உசுரோட திரியற பொணம்னு ஊருக்குள்ள பேசுவாங்க."

"இப்பவே பேசறாங்க," என்றான் அப்புசாமி. "எனக்கு வேண்டாமுங்கய்யா. உட்ருங்க."

"உட்டுட்டு?"

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.

குப்பண்ணன் மருதாத்தாளிடம் திரும்பினார். "அம்முணி, அந்தக் கமலாத்தா பொல்லாதவளாமா. பொண்ணுக்கு அத்தை. பஞ்சு வியாபாரமே அவ வாயிலதான் ஓடுதாமா. உன்னயக் கேட்டாலும் கேப்பா. ஆமாங்க, எங்க ஊட்டுக்காரர் மொகந்தானுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு. அவ்வளவுதான்."

மருதாத்தாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அடுத்த மூடியை எடுத்தாள்.

கல்யாணத்துக்கு ஒரு லீவு, அதற்குப் பிறகு ஒரு லீவு. காளிச்சாமியோடு அவள் இருந்தது அவ்வளவுதான். ஆரம்பத்தில் கண்ணை மூடினால் அவன் முகம் வந்தது. சிலை வைத்த பிறகு, மாலை போடுகிற நாளுக்கு முன்னால் அதைக் கழுவுகிற வேலை அவளுடையதாயிற்று. ஏணி வைத்து ஏறி, காக்கை எச்சத்தைத் தேங்காய் நாரால் தேய்ப்பாள். மூக்கு, தாடை, நெற்றி. மெல்ல மெல்ல, கண்ணை மூடினால் அந்த முகம் வர ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தால் எதிரே கொழுந்தன் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பான். இதை யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குச் சோறு போடும்போது வட்டிலை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு நான்கு பேரும் போனார்கள். கருப்பாத்தாள் சிலை வைத்ததிலிருந்து அந்த மைதானத்துக்கு வந்ததே இல்லை. சந்தைக்குக்கூட மற்றவர்களைத்தான் அனுப்புவாள். வண்டியை விட்டு இறங்கியும் அவள் சிலைப் பக்கம் பார்க்காமல் தொட்டியின் ஓரமாக நின்றுகொண்டாள். சந்தை நாள் இல்லை. மைதானத்தில் தூசி எழும்பி எழும்பி அடங்கியது. உரம் இறக்குகிற ஆட்கள் நான்கைந்து பேர் கல்கட்டடத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து பெண்ணின் அப்பா நாச்சிமுத்து இறங்கினார். பின்னால் கமலாத்தாள், மடியில் வைத்திருந்த வாழையிலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

"வாங்க, வாங்க. பஸ்ஸுல கூட்டமுங்களா?" என்றார் குப்பண்ணன்.

"கூட்டம் பரவால்லீங்க. காத்துதான். டிரைவர் ஒரு பக்கம் ஓட்டறான், காத்து ஒரு பக்கம் ஓட்டுது. எங்கூர்ல இத்தன கெடையாது."

"உங்கூருக் காத்துத்தானுங்க இங்க வருது. நீங்கதான் அனுப்பிச்சு உடறீங்க."

நாச்சிமுத்து சிரித்தார். கமலாத்தாள் அப்புசாமியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு வெள்ளைச் சேலையில் தள்ளி நின்ற மருதாத்தாளைப் பார்த்தாள்.

"இதுதான் அந்தப் புள்ளையா? ஏம்புள்ள அவ்வளவு தூரத்துல நிக்கற? பக்கத்துல வா."

"இல்லீங்க, நல்ல காரியத்துக்கு வந்திருக்கறீங்க," என்று மருதாத்தாள் இழுத்தாள்.

"மாலை உன்ற ஊட்டுக்காரனுக்கு. நீ வராம? வா."

எல்லோரும் சிலைக்கு முன்னால் போய் நின்றார்கள். நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். அப்புசாமியையும் ஒரு தடவை பார்த்தார்.

"அண்ணந்தம்பி ஒரே அச்சாட்ட இருக்கறாங்களே," என்றார் நாச்சிமுத்து.

"ஆமாங்க. ஆமாங்க. சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க. பள்ளிக்கோடத்துல வாத்தியாரு மாத்தி மாத்தி அடிப்பாருங்க."

"அப்பத் தம்பி கையாலயே போடட்டும். அதுதான் மொறை."

கமலாத்தாள் பொட்டலத்தைப் பிரித்தாள். செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டின கனமான மாலை. அப்புசாமி அதைத் தோளில் போட்டுக்கொள்ளாமல் கையில் பிடித்தபடி பீடத்தின் மேல் ஏறினான். சிலையின் கழுத்து அவன் தலைக்குச் சரியாக வந்தது. கையைத் தூக்கியபோது காற்று உருமாலையைத் தள்ளிவிட்டது. உருமாலை அவிழ்ந்து தோளில் விழுந்தது. இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

கல்கட்டடத்து நிழலிலிருந்து ஒருவன் சொன்னான். "தே பாருடா. செலைக்குச் செலையே மாலை போடுது."

மற்றவர்கள் சிரித்தார்கள். கமலாத்தாள் திரும்பினாள்.

"ஏப்பா, என்ன சொன்ன? மறுக்காச் சொல்லு."

"ஒண்ணுமில்லீங்கம்மா. சும்மா தமாசுக்கு."

"எங்களுக்கும் சொல்லு. நாங்களும் சிரிக்கறம்."

"அது அந்த அண்ணன உக்கார வெச்சுச் செஞ்ச செலைதானுங்களே. ஊருக்கே தெரியுமுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

சொன்னவன் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பீடியை அணைத்து, எழுந்து உள்ளே போய்விட்டான்.

"அந்தப் பசங்க பேச்சைக் கேக்காதீங்க," என்று குப்பண்ணன் ஆரம்பித்தார். "வேல வெட்டி இல்லாதவனுங்க. செலை என்ற மூத்தவனப் பாத்துச் செஞ்சதுதானுங்க."

கமலாத்தாள் அவரைக் கவனிக்கவில்லை. மருதாத்தாளிடம் கேட்டாள்.

"நீ சொல்லு அம்முணி. இது உன்ற ஊட்டுக்காரன் மொகந்தானா?"

அப்புசாமி மேலே மாலையும் கையுமாக நின்றான். குப்பண்ணன் மருதாத்தாளையே பார்த்தார். தலையை அசைத்தால்கூடப் போதும் என்பதுபோல அவர் தலை லேசாக அசைந்தது. மருதாத்தாள் சிலையைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அது அவ்வளவுதான். அதற்குப் பிறகு காளிச்சாமிக்கு வேறு முகம் கிடையாது.

"இல்லீங்க," என்றாள்.

"மருதாத்தா," என்றார் குப்பண்ணன்.

"இல்லீங்க மாமா. அவருக்குத் தாடையில குழி இல்லீங்க. மொகம் நீளமுங்க. சிரிச்சா மேல்பல்லு ஒண்ணு முன்னால வருமுங்க. அதுக்கு வெக்கப்பட்டு வாயப் பொத்திக்குவாரு. இது கொழுந்தனாருங்க. கொழுந்தனாரு உசுரோட நல்லா இருக்கறாரு. அவரச் செலைன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறந்துவிடும் என்பதுபோல வேகமாகச் சொன்னாள்.

"எடது புருவத்துல ஒரு வெட்டு இருந்துச்சுங்க. கெணத்துல கவலை மாடு ஓட்டும்போது வடக்கயிறு அறுந்து அடிச்சது."

"வலது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கருப்பாத்தாள் தொட்டியை விட்டு நடந்து வந்திருந்தாள். அப்போதுதான் அவள் சிலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"வலது புருவம். நாந்தான மஞ்சளரைச்சு வெச்சுக் கட்டினேன்."

"எடதுங்க அத்தை."

"எடதுதான்," என்றார் குப்பண்ணன். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. அப்படியே பீடத்தின் விளிம்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போட்டோ ஒண்ணுகூடவா இல்லாமப் போச்சு?" என்று கமலாத்தாள் கேட்டாள்.

கருப்பாத்தாள் அவளிடம் நேராகச் சொன்னாள். "இருந்துச்சு. நாந்தான் எரிச்சேன். ஒடம்பு வரலியே. வைக்கோலுக்கு எப்படித் தீ வெக்கறது? மொகம்னு ஒண்ணு வேணுமல்லொ. அத வெச்சுட்டேன். அப்பறம் இவிங்க வந்து கேக்கறப்ப எங்கிட்ட ஒண்ணுமில்ல. இருக்கறவன் மொகத்தக் குடுத்தோம்."

நாச்சிமுத்து மேலே பார்த்தார்.

"தம்பி, போட்டுறாத. அப்படியே நில்லு," என்றார். பிறகு குப்பண்ணனிடம், "கோவிச்சுக்காதீங்க. உசுரோட இருக்கறவன் மொகத்துக்கு நான் கொண்டாந்த மாலை ஏறப்படாது. எனக்கு மனசு ஒப்பல. செத்தவங்களுக்குன்னு கட்டுன மாலைய ஊட்டுக்குத் திருப்பி எடுத்துட்டும் போகப்படாது. இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார்.

"கீழ வெச்சுரலாமுங்களா?" என்றார் குப்பண்ணன்.

"மண்ணுலயா?"

அப்புசாமிக்குக் கை வலித்திருக்க வேண்டும். மாலை காற்றில் அடித்துக்கொண்டு பூ உதிர ஆரம்பித்தது.

"டேய் அப்புசாமி," என்றாள் கருப்பாத்தாள். "தோள்ல கெடக்கற துண்ட எடு. செலை மொகத்துல கட்டு."

"அம்மா?"

"கழுத்துக்குக் கீழ பூராவும் என்ற பெரியவன். அந்தச் சட்டை அவனுது. பொத்தான் அவனுது. துப்பாக்கி அவனுது. மொகம் மட்டுந்தான் உன்னுது. உன்னுத நீ மூடிக்க. அவனுக்கு மாலையப் போடு."

எதிரே டீக்கடைக்காரர் வெளியே வந்தார். "கவுர்மெண்டுச் செலையாக்கும். மூடப்படாது. மெம்பரு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"பெத்தது கவுர்மெண்டா, நானா?" என்றாள் கருப்பாத்தாள். அவர் உள்ளே போய்விட்டார்.

அப்புசாமி மாலையை ஒரு முழங்கையில் மாட்டிக்கொண்டு துண்டைச் சிலையின் முகத்தில் சுற்றினான். தொப்பிக்குப் பின்னால் முடிச்சுப் போட ஒரு கை போதவில்லை. காற்று துண்டைப் பிடுங்கியது. மறுபடி சுற்றினான். மறுபடி பிடுங்கியது. மருதாத்தாள் சேலையை வரிந்துகொண்டு பீடத்தில் ஏறினாள். சிலையைக் கழுவ ஏறிப் பழகின கால். பின்பக்கம் போய், இரண்டு நுனியையும் இழுத்து, மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுகிற மாதிரி இறுக்கி முடிந்தாள்.

"போடுங்க தம்பி."

அப்புசாமி மாலையைப் போட்டான். துண்டுக்குக் கீழே பச்சைச் சட்டையும் பித்தளை நிறம் அடித்த பொத்தான்களும் மட்டும் தெரிந்தன. அது யாரோ ஒரு பட்டாளத்துக்காரனாக இருந்தது. கருப்பாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டபடியே, "வலதுதான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பொள்ளாச்சிக்குத் திரும்புகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இவர்களைப் பார்த்து விசிலை வாயில் வைத்துக்கொண்டே காத்திருந்தார். நாச்சிமுத்து பஸ்ஸைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். கமலாத்தாள் மருதாத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாத்தாள் சிலையின் பின்னால் முடிச்சின் மேல் இன்னும் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பஸ் போய்விட்டது.

"ஏனுங்க," என்று கமலாத்தாள் குப்பண்ணனைக் கேட்டாள். "உங்க ஊட்டுக்கு நடந்தே போயரலாமா, மாட்டுவண்டி கொண்டாந்திருக்கறீங்களா?"

குப்பண்ணன் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வண்டி இருக்குதுங்க," என்று மேலேயிருந்து அப்புசாமி சொன்னான். "அந்த மரத்தடியில நிக்குதுங்க. நானே ஓட்டறனுங்க."

சொல்லிக்கொண்டே, சிலையின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.